பாசறையிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில் (கி.பி. 624) பத்ருப் போர் நிகழ்ந்தது. சிறைப்பட்ட குறைஷியருள் மீட்புப் பணம் செலுத்த இயலாதோர், ஆளுக்குப் பத்து மதீனச் சிறுவர்க்கு எழுதப் படிக்கக் கற்பித்து விடுதலை பெறலாம் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் இசைந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்த செய்தி. களத்தில் கிடைத்த வெற்றி பொன்னாக மட்டுமன்றி எழுத்தாகவும் மாறிற்று. படைத்துறையும் கல்வித்துறையும் ஒன்றுக்கொன்று அயலானவை எனக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

பிற்காலத்தில் இதற்கோர் எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உண்டு. இரண்டாம் உலகப் போரில் நேசப்படைகளை நடத்திய தளபதி ஐசனோவர், 1948-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தலைவரானார். போருக்கு ஆள் சேர்த்தபோது, எழுத்தறிவின்மை முதலிய குறைகளால் இலட்சக்கணக்கான இளைஞர்கள் தகுதியற்றோர் எனத் தள்ளப்பட்டிருந்தனர். ஒரு நாட்டின் மனித ஆற்றல் இவ்வாறு வீணாவது ஏன் என்ற கேள்வியை அவர் பல்கலைக்கழகத்திற்குள் கொண்டு சென்றார். அதன் பயனாக 1950-இல், பொருளியல் அறிஞர் எலி கின்ஸ்பர்க் தலைமையில் மனிதவளப் பாதுகாப்பு ஆய்வுத் திட்டம் உருவாயிற்று.

நம் நாட்டிலும் இத்தகையோர் உளர். லெப்டினன்ட் ஜெனரல் எம். ஏ. ஸகீ அவர்கள் 1997 முதல் 2000 வரை தில்லி ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவின் துணைவேந்தராக விளங்கினார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் அப்பொறுப்பை 2012 முதல் 2017 வரை வகித்தவர் லெப்டினன்ட் ஜெனரல் ஸமீருத்தீன் ஷா அவர்கள். 1971 போரில் பங்கேற்று, 2002-இல் குஜராத் கலவரத்தை அடக்கச் சென்ற படைக்குத் தலைமை ஏற்று, தரைப்படைத் துணைத் தலைவர்களுள் ஒருவராக உயர்ந்து, 2008-இல் ஓய்வு பெற்றவர் அன்னார்.

அலிகரின் தோற்றமே வாழ்வாதாரக் கவலையோடு பிணைந்தது. 1857-க்குப் பின் அரசையும் அலுவலையும் இழந்து தளர்ந்திருந்த சமுதாயத்திற்குப் புதிய கல்வியே வழி எனக் கண்ட ஸர் ஸய்யித் அஹ்மத் கான் அவர்கள் 1875-இல் பள்ளியைத் தொடங்கினார்கள். அது 1877-இல் கல்லூரியாகவும், அவர்கள் மறைவுக்குப் பின் 1920-இல் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது.

ஷா அவர்கள் காலத்துப் பணிகளுள் நமக்கு மிக நெருக்கமானது, 2013-இல் மத்ரஸாப் பட்டதாரிகளுக்கெனத் தொடங்கிய ஓராண்டு இணைப்புப் படிப்பு. ராஷித் ஷாஸ் அவர்கள் அதன் இயக்குநராக அமர்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் நஹ்வும் ஸர்ஃபும் ஃபிக்ஹும் ஹதீஸும் பயின்று வெளிவரும் ஆலிமுக்கு, இமாமத்தும் மக்தப் ஆசிரியப் பணியும் தவிர வேறு வாசல்கள் பெரும்பாலும் அடைத்தே கிடந்தன. அவ்வூதியத்தில் குடும்பம் நடத்தும் பாடு நம் இல்லங்கள் பலவும் அறிந்ததே. அத்தகையோர்க்கு ஆங்கிலமும் புதிய துறைகளின் அடிப்படையும் கற்பித்துப் பட்டப்படிப்பின் வாசலுக்கு அழைத்துச் செல்வதே அந்த ஓராண்டின் நோக்கம்.

இது மார்க்கக் கல்வியை நீர்த்துப்போகச் செய்யுமோ என்ற ஐயம் எழுந்ததும் உண்டு. அதனைப் பகையாகக் கொள்ளலாகாது. அமானிதத்தைக் காக்க விழையும் அச்சம் அது. எனினும் அரபு இலக்கணத்தின் நுட்பங்களைப் பிரித்தறிந்த மூளைக்குச் சட்டமும் பொருளியலும் எட்டாக்கனி அல்ல. ஸகாத், வணிகம், பாகப்பிரிவினை ஆகியவற்றின் சட்டங்களைக் கற்றவர் இக்காலப் பொருளியலையும் கற்பாராயின், சமுதாயத்திற்கு இரட்டிப்புப் பயன் உண்டு.

ஆயினும் பாசறையில் ஆணை பிறந்தால் கீழ்ப்படிதலே முறை. பல்கலைக்கழகத்திலோ ஆணைக்கும் காரணம் கேட்பார்கள். 2014-இல் மகளிர் கல்லூரி மாணவியரை மௌலானா ஆஸாத் நூலகத்தில் அனுமதிப்பது பற்றிய சர்ச்சை எழுந்தது. இடப்பற்றாக்குறை என்ற காரணம் நாடெங்கும் கண்டனத்தைத் தோற்றுவித்தது. அலகாபாத் உயர்நீதிமன்றமும் தலையிட்டது. கல்வியின் வாசலை ஒருபுறம் அகலத் திறந்தவரும் மறுபுறம் அதற்கு விடை சொல்லியே ஆகவேண்டியிருந்தது.

அது முறையே. எங்கள் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு வர விழைவோர் 35 முதல் 70 வயதுக்குட்பட்டோராய், கல்வியும் நேர்வழியில் வந்த பொருளும் உடையோராய் இருத்தல் வேண்டும். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் இடம்பெறலாகாது என அவை விதிக்கின்றன. பெரும்பதவி வகித்தவரேயாயினும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்பது நம் மண்ணில் ஆயிரமாண்டு கடந்த நெறி.

நம் ஊர்களிலும் படைப்பணி முடித்துத் திரும்பிய சுபேதார்களும் ஹவில்தார்களும் இருக்கின்றனர். கிடங்கு காத்தும், பயிற்சி அளித்தும், காலம் தவறாது உழைத்தும் பழகியவர்கள் அவர்கள். அவர்களைத் திண்ணையில் அமரவிட்டு நாம் வாளாவிருப்பது முறையன்று. ஜமாஅத்தின் கல்விக் குழுவில் ஆலிமுக்கருகே அவர்களுக்கும் ஓர் இடம் தருவோமாக. ஆண்டு முடிவில் இருவரிடமும் கணக்குக் கேட்போமாக. எத்தனை பிள்ளைகள் கற்றனர், எத்தனை பேர் பிழைக்க வழி கண்டனர் என்பதே அக்கணக்காக அமையட்டும்.