ஆக்கியோன் விலகினும் அழியாத மென்பொருள்

இணையதளம் அமைக்க உதவும் கருவிகள் பல. எதைத் தேர்ந்தெடுப்பது? வரலாறு ஒரு வழி காட்டுகிறது.

2001-ஆம் ஆண்டில் மிஷேல் வால்ட்ரிகி என்பவர் ‘பி2’ என்னும் மென்பொருளை உருவாக்கினார். கட்டுரைகளைத் தரவுத்தளத்தில் சேமித்து, வாசகர் கேட்கும்பொழுது பக்கமாகக் கோத்துத் தருவது அதன் வேலை. சிறிது காலத்தில் அவர் அப்பணியைத் தொடரவில்லை. அதனை நம்பியிருந்தோர் கதி என்ன?

‘பி2’ ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் வெளிவந்தது. அதன்படி மூல நிரலை எவரும் திருத்தலாம்; பிறருக்கு வழங்கலாம். ஆகவே மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் அந்நிரலின்மீதே கட்டி, 2003 மே 27 அன்று ‘வேர்ட்பிரஸ்’ மென்பொருளை வெளியிட்டனர். 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில், நிரல் அறியாதவரும் பத்தி, படம் முதலியவற்றைக் கட்டம் கட்டமாகத் திரையில் அடுக்கும் வசதி சேர்ந்தது.

எனவே, தேர்ந்தெடுப்போர் கருவியின் அழகை மட்டும் பார்த்தல் போதாது. உரிமத்தையும் படித்தல் வேண்டும்.