பிரசன்னாவா, வெங்கட்ராகவனா? 1971ஆம் ஆண்டின் ஒரு தேர்வும் ‘ஃபார்ம்’ என்னும் சொல்லும்

தேசிய அணிக்கு ஆள் எடுக்கும்போது அனுபவசாலியை எடுப்பதா, இப்போது நன்றாக ஆடிக்கொண்டிருப்பவரை எடுப்பதா என்ற வாதம் எல்லா விளையாட்டிலும் உண்டு. இந்தியக் கிரிக்கெட் வரலாற்றில் அதற்கு 1971ஐ விடச் சிறந்த சான்று இல்லை என்பது என் எண்ணம். அவ்வாண்டு இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளிலும் இங்கிலாந்திலும் தொடர்களை வென்றது. வென்ற அணியின் தேர்வுகளை எவரும் மீண்டும் கிளறிப் பார்ப்பதில்லை. கிளற வேண்டியவை அவையே.

எரப்பள்ளி பிரசன்னா பெங்களூரில் 1940இல் பிறந்தவர். வெங்கட்ராகவன் சென்னையில் 1945இல் பிறந்தவர். இருவரும் ஆஃப் ஸ்பின்னர்கள், இருவரும் பொறியியல் படித்தவர்கள். பிரசன்னா 1962இல் அறிமுகமாகி, படிப்பை முடிப்பதற்காகச் சில ஆண்டுகள் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விலகி, பின் திரும்பி வந்தவர். அவர் இல்லாத இடைவெளியில்தான் 1965இல் வெங்கட்ராகவன் வந்தார். தம் முதல் தொடரிலேயே நியூசிலாந்துக்கு எதிரான டில்லி டெஸ்டில் 12 விக்கெட் எடுத்தார். இருவருக்கும் இடையிலான போட்டி, ஒருவர் வகுப்பறையில் இருந்தபோது தொடங்கியது எனலாம்.

1969-70 பருவத்தில் உள்நாட்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 26, நியூசிலாந்துக்கு எதிராக 20 என 46 விக்கெட்டுகளைப் பிரசன்னா எடுத்தார். 20 டெஸ்டுகளில் 100 விக்கெட்டை எட்டினார். அஸ்வின் 2013இல் 18 டெஸ்டுகளில் எட்டும்வரை இந்தியர் எவரும் அதை முந்தவில்லை. ஆக, 1971 தொடங்கியபோது அனுபவம், அண்மைய ஆட்டம் ஆகிய இரண்டு அளவுகோல்களிலும் முன்னிற்கும் பெயர் பிரசன்னாதான். ஆயினும் அவ்வாண்டுக் கோடையில் இங்கிலாந்தில் நடந்த மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட அவர் ஆடவில்லை.

இடையில் நிகழ்ந்தது மேற்கிந்தியத் தீவுகள் பயணம். அங்குப் பிரசன்னாவுக்குக் காயம் குறுக்கிட்டது. துணைத் தலைவராகச் சென்ற வெங்கட்ராகவன் 22 விக்கெட்டுகள் வீழ்த்தினார். சில மாத ஆட்டம் முந்தைய நான்காண்டு ஆட்டத்தைப் பின்னுக்குத் தள்ளியது. துணைத் தலைவரை வெளியே அமர்த்தவும் இயலாது. இங்கிலாந்தில் வெங்கட்ராகவன் 13 விக்கெட் எடுத்ததால், அந்தத் தேர்வைப் பிழை என்று சொல்லவும் வழியில்லை.

ஆனால் அதே ஆண்டில் அதே நிர்வாகம் இதற்கு நேர்மாறாகவும் நடந்துகொண்டது. விஜய் மெர்ச்சன்டின் தீர்மான வாக்கால் பட்டோடியை விலக்கித் தலைவரான அஜித் வாடேகர், பழையவர் என்று பலரும் கைவிட்டிருந்த திலீப் சர்தேசாயை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அழைத்துச் செல்ல விரும்பினார். சர்தேசாய் 642 ஓட்டங்கள் குவித்தார். சலீம் துரானி போர்ட் ஆஃப் ஸ்பெயினில் சோபர்ஸையும் லாயிடையும் அடுத்தடுத்து வீழ்த்தினார். சந்திரசேகரோ மூன்றாண்டுகளுக்கு மேல் டெஸ்ட் ஆடாமலிருந்து, இங்கிலாந்துக்கு மட்டும் அழைக்கப்பட்டு, ஓவலில் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். ஃபார்மை மட்டும் நோக்கியிருந்தால் இம்மூவரில் எவருக்கும் இடமிருந்திராது. ஆனால் அதே தர்க்கத்தில் எடுக்கப்பட்ட ஜெய்சிம்மாவால் மேற்கிந்தியத் தீவுகளில் பெரிதாக ஓட்டம் சேர்க்க முடியவில்லை. அனுபவத்தைப் போற்றுவோர் சர்தேசாயைச் சொல்வார்கள், ஜெய்சிம்மாவைச் சொல்வதில்லை.

மொழியியல் மாணவன் என்ற முறையில் ஒரு குறுக்கீடு. தமிழில் ‘தேர்வு’ என்பது பரீட்சையையும் குறிக்கும், தெரிந்தெடுத்தலையும் குறிக்கும். ‘ஃபார்ம்’ என்பதற்கு நிலைபெற்ற தமிழ்ச்சொல் இல்லாததும் தற்செயல் அன்று என்று தோன்றுகிறது. அச்சொல் எவ்வளவு காலத்தைக் குறிக்கிறது என்பதைச் சொல்பவர் தம் வசதிக்கேற்ப நீட்டுகிறார், சுருக்குகிறார். பிரசன்னாவின் ஃபார்மை 1969 முதல் அளந்தால் ஒரு விடை, 1971 பிப்ரவரி முதல் அளந்தால் வேறு விடை.

வெங்கட்ராகவனுக்குச் சார்பாக வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், அவர் மட்டையும் பிடிப்பார், களத்தடுப்பும் செய்வார் என்பது. எண்கள் இதில் பாதியைத்தான் ஒப்புகின்றன. டெஸ்டில் அவருடைய மட்டைச் சராசரி 11.68, பிரசன்னாவினுடையது 11.48. இந்த வேறுபாட்டுக்காக ஒருவரை விலக்க முடியாது. பிடித்த கேட்சுகள் 44க்கு 18. இது மெய்யான வேறுபாடு. மறுபுறம் பந்துவீச்சில் பிரசன்னா 49 டெஸ்டுகளில் 30.38 சராசரியில் 189, வெங்கட்ராகவன் 57 டெஸ்டுகளில் 36.11 சராசரியில் 156. எட்டு டெஸ்டுகள் குறைவாக ஆடியவருக்கு 33 விக்கெட்டுகள் மிகுதி. பந்துவீச்சாளர் என்ற அளவில் என் தீர்ப்பு பிரசன்னாவுக்கே.

நான் வசிக்கும் தொம்மலூரில் தமிழும் கன்னடமும் கலந்து பேசும் முதியவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால், வீட்டுமொழியின்படி அணி பிரிவார்கள் என்று எதிர்பார்ப்போம். அப்படி நிகழ்வதில்லை. 1974 மார்ச்சில் சின்னசாமி அரங்கில், பிரசன்னாவின் தலைமையில் கர்நாடகம் பம்பாயை ரஞ்சி அரையிறுதியில் தோற்கடித்து அதன் 15 ஆண்டுத் தொடர் வெற்றியை முடித்தது. பிரசன்னாவின் பந்தில் காவஸ்கரின் ஸ்டம்பு பெயர்ந்ததைக் கண்ட தமிழர்களும் அவர் பக்கமே நிற்கிறார்கள்.

வெங்கட்ராகவனுக்கும் சலுகை எதுவும் நீடிக்கவில்லை. அதே 1974 டிசம்பரில் பட்டோடி காயமுற்றதால் டில்லி டெஸ்டுக்கு அவர் தலைவரானார். அடுத்த கல்கத்தா டெஸ்டில் அவர் பன்னிரண்டாமவர்! பேடி, பிரசன்னா, சந்திரசேகர் ஆடினர், இந்தியா வென்றது. 1978 பாகிஸ்தான் பயணத்தோடு பிரசன்னாவின் டெஸ்ட் வாழ்வு முடிந்தது. வெங்கட்ராகவனோ மூன்றாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், 1983இல் மீண்டும் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 37. இம்முறை அனுபவத்தின் பெயரால்.