ஃபீஸ் கேட்காத டாக்டர்

இன்றைக்குப் பழைய அமெரிக்க ஹாஸ்பிடல் சீரியல்களைப் பற்றிப் பேசலாம். ‘ஹவுஸ்’, ‘கிரேஸ் அனாட்டமி’ எல்லாம் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்த கூட்டம்தானே நாம. அதுக்கு நாற்பது வருஷம் முன்னாடி வந்த டிவி டாக்டர்களைப் பார்த்தா ஒரு விஷயம் உறுத்தும். ஒரே ஒரு நோயாளிக்காக நாள் முழுக்க அலைவார்கள். அவங்க குடும்பச் சண்டையைக்கூட தீர்த்து வைப்பார்கள். ஆனா பில் பற்றிப் பேச்சே பெரும்பாலும் வராது. அந்தக் காலத்து டாக்டர்கள் எல்லாருமே அவ்வளவு தங்கமா? இதைத் தெரிஞ்சுக்கணும்னா அந்த ஸ்கிரிப்ட்டை முதலில் யார் படித்தார்கள் என்று பார்க்கணும்.

ஜேம்ஸ் மோசர் என்று ஒரு எழுத்தாளர். ‘டிராக்நெட்’ என்ற போலீஸ் தொடருக்கு எழுதியவர். போலீஸ் கதையை நிஜக் கேஸ் மாதிரியே சொன்ன அனுபவம் இருந்ததால், ஆஸ்பத்திரியையும் அப்படிக் காட்டணும்னு ஆசை. 1954-ல் என்பிசி சேனலில் ‘மெடிக்’ என்ற தொடர் வந்தது. நிஜ ஆபரேஷன் தியேட்டர் மாதிரி செட் போடக் காசு வேணுமே? லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார மருத்துவச் சங்கம் உதவிக்கு வந்தது. நிஜ ஆஸ்பத்திரியில் ஷூட்டிங் நடத்தலாம், கருவிகள் தருகிறோம், ஆலோசனையும் சொல்கிறோம். பதிலுக்கு ஒரே ஒரு கண்டிஷன்: ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டையும் நாங்கள் படித்து ஓகே சொல்லணும்.

எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், மெர்ஜ் பண்ணும் உரிமை சங்கத்தின் கையில். கோட் ரிவ்யூவில் இரண்டு ரக ஆட்கள் உண்டு. பிழை மட்டும் பார்க்கிறவர் ஒரு ரகம், ‘இந்த ஃபீச்சரே வேண்டாம்’ என்கிறவர் இன்னொரு ரகம். கத்தியை எப்படிப் பிடிப்பது என்று திருத்துவது முதல் ரகம். டாக்டர் எப்படிப்பட்ட மனுஷனாகத் தெரியணும் என்று சொல்வது இரண்டாவது. சங்கம் இரண்டு வேலையையும் செய்தது.

அடுத்த வருஷமே, 1955-ல், நாடு தழுவிய அமெரிக்க மருத்துவச் சங்கம் டிவி, ரேடியோ, சினிமாவுக்கு என்றே ஓர் ஆலோசனைக் குழு அமைத்தது. 1961-ல் ஒரே சீசனில் இரண்டு ஹிட் தொடர்கள். என்பிசியில் ‘டாக்டர் கில்டேர்’, ஏபிசியில் ‘பென் கேசி’. இரண்டாவது நம்ம மோசர் உருவாக்கியதுதான். கில்டேராக ரிச்சர்ட் சேம்பர்லின், சாந்தமான முகம். கேசியாக வின்ஸ் எட்வர்ட்ஸ், எப்பவும் முறைத்த முகம், மூளை அறுவை சிகிச்சை நிபுணர். இருவருக்கும் வயதான ஒரு குரு உண்டு. கோபப்படுகிற சிஷ்யனை அவர் வழிக்குக் கொண்டுவருவார். சிஷ்யன் தடுமாறலாம், ஆனா மருத்துவத் தொழில் தடுமாறாது. இரண்டு தொடரிலும் அந்தக் குழு ஸ்கிரிப்ட் பார்த்தது.

அதே 1961-ல் வெளியே என்ன நடந்தது? வயதானவர்களுக்கு அரசு மருத்துவக் காப்பீடு கொடுக்கலாமா என்று அமெரிக்காவில் பெரிய சண்டை. கடுமையாக எதிர்த்தது இதே மருத்துவச் சங்கம். நடிகர் ரொனால்டு ரீகனைப் பேச வைத்து, அந்தத் திட்டம் சோஷலிசம் என்று எச்சரிக்கும் ஒரு எல்பி ரெக்கார்டே வெளியிட்டார்கள். டாக்டர்களின் மனைவிமார் பக்கத்து வீட்டுக்காரர்களைக் காபிக்கு அழைத்து அதைப் போட்டுக் காட்டுவார்கள். கடைசியில் 1965-ல் மெடிகேர் சட்டமாகிவிட்டது. டிவி தொடர்களை இந்தப் பிரச்சாரத்துக்காகவே எடுத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன், அது ரொம்ப வாட்ஸ்அப் தியரி. ஆனா வைத்தியச் செலவுக்கு வழியில்லாமல் முதியவர்கள் தவித்த காலத்தில், திரையில் இருந்த டாக்டருக்குக் காசு ஒரு பொருட்டே இல்லை. ஸ்கிரிப்ட் படித்தவர்களுக்கு அதை மாற்றச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

உச்சம் 1969-ல் வந்த ‘மார்கஸ் வெல்பி, எம்.டி.’ நடித்தவர் ராபர்ட் யங், ஏற்கெனவே ‘ஃபாதர் நோஸ் பெஸ்ட்’ தொடரில் நாடே பார்த்த அப்பா. இப்போ அதே அப்பா கையில் ஸ்டெதஸ்கோப். 1970–71 சீசனில் அமெரிக்காவிலேயே நம்பர் ஒன் தொடர் இதுதான். முதல் ஐந்து வருஷத்தில் வெல்பிக்கு வந்த கடிதங்கள் சுமார் 2,50,000. பெரும்பாலும் வைத்திய ஆலோசனை கேட்டு! இதைச் சிரித்துவிட்டுக் கடக்க முடியலை எனக்கு. அவர் நடிகர் என்று எழுதியவர்களில் பலருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? உட்கார்ந்து கேட்க ஒரு டாக்டர் கிடைக்காதவர்கள்தானே அந்த அட்ரஸுக்கு எழுதுவார்கள்.

அப்பா எப்பவும் சரி என்றால் அதற்கும் ஒரு விலை உண்டு. 1973-ல் ஓர் எபிசோடில், ஆண்கள்மேல் ஈர்ப்பு இருப்பதாகச் சொல்லும் ஒரு நோயாளியிடம், அதை எதிர்த்துப் போராடச் சொல்கிறார் வெல்பி. தன்பாலீர்ப்பு உரிமைப் போராளிகள் நியூயார்க்கில் ஏபிசி ஆபீசுக்குள்ளேயே போய்ப் போராடினார்கள். அடுத்த வருஷம் இன்னொரு எபிசோடுக்கும் எதிர்ப்பு. திரையில் வெல்பியை யாரும் எதிர்த்துப் பேசாததால், ரோட்டில் இறங்கிப் பேச வேண்டியதாயிற்று.

அதற்குள் காற்று மாறியிருந்தது. 1972-ல் ‘மேஷ்’ வந்தது. கொரியப் போர் முகாமில் குடித்துவிட்டு ஜோக் அடிக்கிற சர்ஜன்கள். காமெடி தொடர்தான், ஆனா ஆபரேஷன் காட்சிகளில் மட்டும் பின்னணிச் சிரிப்பு கிடையாது. 1982-ல் வந்த ‘செயின்ட் எல்ஸ்வேர்’ தொடரில் ஆஸ்பத்திரியே பழசு, டாக்டர்களில் மோசமானவர்களும் உண்டு. ஸ்கிரிப்ட் படித்து ஓகே சொல்லும் அதிகாரமெல்லாம் மெல்ல மெல்லப் போய்விட்டது.

அப்புறம் 1994-ல் ‘ஈஆர்’. எழுதிய மைக்கேல் கிரைட்டன் ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். ஸ்கிரிப்ட் 1970-களிலேயே எழுதி வைத்தது. 1995-ல் வந்த ‘லவ்ஸ் லேபர் லாஸ்ட்’ என்ற எபிசோடை மட்டுமாவது பாருங்க. டாக்டர் கிரீன் நல்லவர், கெட்டிக்காரர். ஒரு கர்ப்பிணியைச் சாதாரண சிறுநீர்த் தொற்று என்று வீட்டுக்கு அனுப்புகிறார். உண்மையில் அது அதைவிடப் பெரிய ஆபத்து. குழந்தை பிழைக்கிறது, தாய் இறந்துபோகிறார். கெட்ட டாக்டரைக் காட்டுவது சுலபம். ஒரு நல்ல டாக்டரின் தப்பை இவ்வளவு நேரம் கேமராவை எடுக்காமல் காட்டுவது 1961-ல் ரிவ்யூ தாண்டியிருக்காது என்பது என் கணிப்பு.

ஆனா ஒரு பொய் மட்டும் தங்கிவிட்டது. 1996-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. ‘ஈஆர்’, ‘சிகாகோ ஹோப்’, ‘ரெஸ்க்யூ 911’ மூன்றிலும் 97 எபிசோடுகளை உட்கார்ந்து பார்த்து, நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் சிபிஆர் காட்சிகளை எண்ணினார்கள். மொத்தம் 60. அதில் உடனே பிழைத்தவர்கள் 75 சதவீதம். நிஜ ஆஸ்பத்திரிகளில் சிபிஆருக்குப் பிறகு பிழைத்து வீடு திரும்பியவர்கள் என்று அவர்கள் காட்டிய ஆய்வுக் கணக்கு 6.5 முதல் 15 சதவீதம் வரை. டிவியில் அதிகம் வந்தவர்கள் இளைஞர்கள், காயம்பட்டவர்கள். நிஜத்தில் நெஞ்சு நின்றுபோவது பெரும்பாலும் வயதானவர்களுக்கு.

என் தாத்தா ஐசியூவில் இருந்தபோது, நைட் ட்யூட்டி டாக்டர் எங்களைக் காரிடாரில் உட்கார வைத்துப் பேசினார். இதயம் நின்றால் சிபிஆர் செய்யலாம், விலா எலும்பு உடையலாம், எழுந்தாலும் பழையபடி இருக்கமாட்டார், வீட்டில் பேசிச் சொல்லுங்க என்றார். “ஷாக் கொடுத்தா வந்துடுவார்ல?” என்றாள் அத்தை. “அது சினிமாலம்மா” என்றார் அவர், ரொம்ப மெதுவாக. என்னைவிட இரண்டு மூன்று வயசுதான் கூட இருக்கும். அப்பா பதில் சொல்ல அரைமணி நேரம் ஆச்சு. அதுவரை அவர் எழுந்து போகலை.

அடுத்த வாரம் ‘செயின்ட் எல்ஸ்வேர்’ மட்டும் தனியா, முழு எபிசோடு.