கடைமடைக்கு எழுதிய ஏழு

காவிரி நீருக்காக மைசூரும் சென்னையும் 1892-இலும் 1924-இலும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. தஞ்சை மராட்டியரிடமிருந்து 1739-இல் அவர்கள் பெற்ற ஊர் அது. அரசலாறும் திருமலைராஜனாறும் நண்டலாறும் அவர்கள் வயலில் பாய்ந்தன. ஆனால் அந்தத் தண்ணீரைத் திறந்துவிடும் தலைப்பு மதகுகள் வேற்று அரசின் எல்லைக்குள். ஒப்பந்தத்தில் சேராத ஊர், வந்ததை வாங்கிக்கொண்டது. அதன் பங்குக்கு ஓர் எண் கிடைக்க நடுவர் மன்றம் வர வேண்டியிருந்தது: 1991 இடைக்கால உத்தரவில் 6 டி.எம்.சி., 2007 இறுதித் தீர்ப்பில் 7.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 419-இலிருந்து 404.25 ஆகக் குறைத்து, அந்த 14.75 டி.எம்.சி.யைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. இதில் 4.75 பெங்களூரு குடிநீருக்கு. மீதி 10, தமிழக டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்ற கணக்கில். காரைக்காலின் ஏழில் கை வைக்கவில்லை. அதனால் காரைக்காலுக்கு நட்டமில்லை என்று சொல்லலாமா? சொல்ல முடியாது என்பதே என் கருத்து. அந்த ஏழும் தமிழக வாய்க்கால்கள் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். பற்றாக்குறை வந்தால் மேலே குறைந்தது எல்லா ஊருக்கும் சமமாகப் பிரிவதில்லை, கடைமடையில்தான் மொத்தமாகத் தெரியும். நிலத்தடி நீர் கணக்கும் கடலோரத்தில் நிற்காது. ஆற்றில் தண்ணீர் ஓடினால்தான் அடியில் ஊறும். ஓடாத காலத்தில் ஆழ்குழாயில் உப்பு ஏறும். அந்த நீரை நாற்றங்காலில் விட்டால் இளம் பயிரின் இலை நுனி கருகிச் சுருண்டுவிடும்.

குடிநீர்தானே முதலில் என்று கேட்டால், ஆம். பெங்களூரின் மூன்றில் ஒரு பங்கே காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்று நடுவர் மன்றம் போட்ட கணக்கு அந்த நகரத்துக்கு அநீதி. அதை நீதிமன்றம் தள்ளியது சரி. அந்த 4.75 பற்றி எனக்கு வழக்கில்லை, வழக்கெல்லாம் அந்தப் பத்தின் மேல். மழைக்காலத்தில் வெள்ளம் கடலில் வீணாகிறதே என்பாரும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தைத் தேக்கி வைக்க இந்தத் தட்டையான கரையில் இடமில்லை. ஆனி, ஆடியில் குறுவைக்குத் தண்ணீர் தேடும் வயலுக்கு அது உதவாது. அப்போது தலைப்பில் ஷட்டர் பாதி இறங்கி முறை வைத்தால், கடைசி மதகுக்கு முறை வருமுன் நாற்று முற்றிவிடும்.