சோதனை வேட்டும் துப்பாக்கி வாணிகமும்

மண்சட்டி வாங்குவோர் அதைத் தட்டிப் பார்த்தே வாங்குவர்; பொன் வாங்குவோர் உரைகல்லை நாடுவர். சட்டியில் கீறலிருப்பின் வீணாவது ஒருவேளைக் குழம்பு. பொன்னில் கலப்பிருப்பின் இழப்பது பணம். துப்பாக்கிக் குழலில் பழுதிருப்பினோ, இழப்பது கையும் கண்ணுமாகும், சிற்சமயம் உயிருமாகும். ஆதலின், பிறர் கையாண்ட துப்பாக்கியைக் கடையில் வாங்குமுன் எவ்வாறு சோதிப்பது என்பது மிகப் பழைய வினாவாகும். அதற்கு ஐரோப்பிய நாடுகள் கண்ட விடையின் வரலாறு அறியத்தக்கது.

வாங்குவோர் தாமே செய்யும் சோதனைகள் சில உண்டு. இரட்டைக் குழலைக் கழற்றித் தொங்கவிட்டு மெல்லத் தட்டுவர். மணியோசைபோல் நீண்டு ஒலித்தால் பற்றவைப்பு உறுதியாயுள்ளது எனவும், மந்தமாக ஒலித்தால் எங்கோ விட்டிருக்கிறது எனவும் கொள்வர். குழலை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துத் துருக்குழியும் நெளிவும் உளவா என நோக்குவர். பின்னர் இரண்டொரு தோட்டா சுட்டுப் பார்ப்பர். இவை யாவும் பயனுடையனவே. எனினும், இரண்டு வேட்டைத் தாங்கிய குழல் மூன்றாவதையும் தாங்கும் என்பதற்கு உறுதி யாது? வழக்கமான வேட்டு, குழல் அப்பொழுது வெடிக்கவில்லை என்பதை மட்டுமே காட்டும். அதில் எஞ்சியுள்ள வலு எவ்வளவு என்பதைக் காட்டாது.

இக்குறையைப் போக்க எழுந்ததே சோதனை வேட்டு. வழக்கமான அளவினும் மிகுதியாக மருந்து கெட்டித்து, ஆளில்லாத அறையில் துப்பாக்கியை வைத்துச் சுடுவர். பின்னர் குழலை நுணுகி ஆராய்ந்து, பழுதில்லையெனில் முத்திரை பொறிப்பர். இதைச் செய்பவர் விற்பவருமல்லர், வாங்குபவருமல்லர் என்பதே இம்முறையின் சிறப்பு.

1637ஆம் ஆண்டு முதலாம் சார்ல்ஸ் மன்னர் லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்திற்குப் பட்டயம் வழங்கினார். தேர்ச்சியற்றோர் செய்த துப்பாக்கிகளால் மக்களுக்கு நேரும் தீங்கைத் தடுப்பது அதன் நோக்கம். கெட்ட துப்பாக்கியொன்று வெடித்தால் நல்ல தொழிலாளியின் பெயரும் கெடுமாதலின், இதில் சங்கத்தாரின் தன்னலமும் கலந்திருந்தது. 1672இல் லியேஜ் நகரிலும் அதன் ஆட்சியாளரான சமயத்தலைவரின் ஆணையால் சோதனைமுறை ஏற்பட்டது.

லண்டன் சங்கத்தின் அதிகாரம் அந்நகரையும் அதன் சுற்றுப்புறத்தையுமே தழுவியது. துப்பாக்கித் தொழிலில் பெருகி வளர்ந்த பர்மிங்ஹாம் நகரமோ தொலைவில் இருந்தது. அந்நகர வணிகர்களே வேண்டிக்கொண்டதன் பேரில், 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அங்கும் ஒரு சோதனைச்சாலை அமைந்தது. 1868ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரு சாலைகளின் பணியையும் ஒழுங்குபடுத்தியது. பிற்காலத் திருத்தங்களுடன் அதுவே பிரிட்டனில் இன்றும் நிலவுகிறது.

பழைய துப்பாக்கியைப் பொறுத்தவரை, முத்திரை இருப்பது மட்டும் போதாது. முத்திரை அது பொறிக்கப்பட்ட நாளின் நிலைக்கே சான்றாகும். துருவை நீக்கக் குழலைக் கடையுந்தோறும் உட்புறம் அகன்று, சுவர் மெலிகிறது. குறித்த அளவைக் கடந்து அகன்றால் பழைய முத்திரை செல்லாது. மறுசோதனையின்றி விற்பது குற்றமாகும். மருந்தின் மாற்றமும் இத்தகையதே. 1884இல் பிரெஞ்சு அறிஞர் பால் வியேய் புகையில்லா வெடிமருந்தைக் கண்டார். கரியும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த பழைய மருந்துக்கென்று சோதிக்கப்பட்ட குழலில் புதுத் தோட்டாவை இடுவது பேரிடருக்கு வழியாகும். எனவே, எம்மருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்பதையும் முத்திரையில் படித்தறிதல் வேண்டும்.

நாடுதோறும் வேறுபட்ட முத்திரைகளை ஒருமைப்படுத்தும் முயற்சி 1914இல் லியேஜ் நகரில் தொடங்கியது. 1969இல் அது பன்னாட்டு உடன்படிக்கையாக உருப்பெற்றது.

சோதனை வேட்டில் சில துப்பாக்கிகள் பிளந்துபோவதுண்டு. உரிமையாளருக்கு அது பொருளிழப்பே. ஆயினும், அது பிளப்பது ஆளில்லாத அறையில், வாங்கியவரின் தோளிலன்று.