தொட்டிலுக்கும் ஒரு பேரேடு

பாட்டியின் பழைய நூல் புடவை ஒன்று, கூரையில் ஒரு கொக்கி. நம் ஊரில் தூளி கட்ட இவ்வளவு போதும். கே.கே. நகர் அடுக்குமாடி வீடுகளில்கூட இன்றும் பல குழந்தைகளுக்கு முதல் படுக்கை இதுதான். இதற்குக் கம்பெனி கிடையாது, மாடல் நம்பர் கிடையாது, பில் கிடையாது. முடிச்சு சரியில்லை என்றால் கட்டியவரையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம்.

கடையில் வாங்கும் தொட்டில் அப்படியல்ல. செய்தவர் ஒரு ஊரில், விற்றவர் ஒரு ஊரில், குழந்தை தூங்குவது மூன்றாவது ஊரில். அதில் கோளாறு என்று பிறகு தெரிந்தால் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? "ரெக்கார்டைப் பார்" என்பது காமர்ஸ் மாணவர்கள் சட்டென்று சொல்லும் பதில். சரி, அந்த ரெக்கார்டில் என்ன எழுதியிருக்கும்? எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் உருப்படியான பதில் சொல்ல அமெரிக்காவுக்கே 35 வருஷம் பிடித்தது.

1973: மூன்று வருஷக் கணக்கு

நான்கு பக்கமும் மரச்சட்டம் அடித்த குழந்தைக் கட்டிலைத்தான் அங்கே 'கிரிப்' என்பார்கள். சட்டங்களுக்கு நடுவே இடைவெளி அதிகமானால் குழந்தையின் உடம்பு வெளியே நழுவும், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். இப்படிப் பல சாவுகள் நடந்த பிறகு 1973 நவம்பரில் விதிகள் வெளியாகி, 1974 பிப்ரவரியில் அமலுக்கு வந்தன. இடைவெளி இரண்டரை அங்குலத்துக்கும் குறைவாக, அதாவது சுமார் 6 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றது விதி.

அதே விதியில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியும் இருந்தது. ஒவ்வொரு கட்டிலிலும் கம்பெனி பெயர், ஊர், மாடல் எண் இருக்க வேண்டும். ஒவ்வொரு லாட்டையும் யாருக்கு விற்றோம், எங்கே அனுப்பினோம் என்ற கணக்கைத் தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரி கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். 1976-ல் சிறிய கட்டில்களுக்கும் இதே போன்ற விதி வந்தது. வலைத்துணி வைத்தவை, ஆடும் தொட்டில்கள் அதில் சேரவில்லை. நம் ஊர்த் தொட்டில் அங்கே போயிருந்தால் விதிக்குள் வந்திருக்காது!

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள். தயாரிப்பாளருக்குத் தெரிவது கடை வரைதான், கட்டில் போன வீடு தெரியாது. அடுத்தது அந்த மூன்று வருஷம். அக்கா குழந்தைக்கு வாங்கிய கட்டில் தங்கை குழந்தைக்குப் போகும், பிறகு பக்கத்து வீட்டுக்கு. கட்டிலின் ஆயுள் கணக்கின் ஆயுளைவிட நீளம்.

1998: டேனி கெய்சர்

பிளேஸ்கூல் என்ற பெயரில் கோல்கிராஃப்ட் கம்பெனி செய்த மடக்குத் தொட்டில் 'டிராவல்-லைட்'. 1990 முதல் 1992 வரை சுமார் 11,600 விற்றன. பூட்டு சரியாக விழாவிட்டால் மேல்சட்டம் நடுவில் மடிந்துவிடும். குழந்தைகள் இறந்ததால் 1993-ல் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அறிவிப்பு வந்தது, தொட்டில்கள் எல்லாம் திரும்பி வரவில்லை.

1998 மே மாதம். சிகாகோவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் டேனி கெய்சர் என்ற ஒன்றரை வயதுகூட ஆகாத குழந்தை அதே தொட்டிலில் இறந்தான். அந்தத் தொட்டிலால் இறந்த ஐந்தாவது குழந்தை அவன். அறிவிப்பு வந்து ஐந்து வருஷம் ஆகியும் அந்தச் செய்தி அங்கே போய்ச் சேரவில்லை. மூன்று வருஷக் கணக்குப்படி பார்த்தால்கூட, 1992-ல் செய்த தொட்டிலின் ரெக்கார்ட் 1995-லேயே காலாவதி.

டேனியின் பெற்றோர் லிண்டா கின்செல், போவாஸ் கெய்சர். இருவருமே சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள், அதிலும் அம்மா பிசினஸ் ஸ்கூலில். அவர்கள் அதே ஆண்டு 'கிட்ஸ் இன் டேஞ்சர்' என்ற அமைப்பைத் தொடங்கிப் பத்து வருஷம் போராடினார்கள்.

2008: வாங்கியவர் பெயரும் வேண்டும்

2008 ஆகஸ்ட் 14 அன்று புதிய பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. அதன் ஒரு பகுதிக்கு டேனியின் பெயர். குழந்தைக் கட்டில் போன்ற ஒவ்வொரு பொருளோடும் தபால் செலவு கட்டிய ஒரு அட்டை இருக்க வேண்டும். வாங்கியவர் பெயரும் முகவரியும் எழுதி அனுப்பலாம். கம்பெனி அந்தப் பட்டியலைப் பொருள் தயாரான நாளிலிருந்து குறைந்தது ஆறு வருஷம் காக்க வேண்டும். விளம்பரம் அனுப்ப அதைத் தொடக்கூடாது!

2011 ஜூன் 28 முதல் ஒரு பக்கச் சட்டம் இறங்கும் மாதிரியான கட்டில்களை விற்கவும் முடியாமல் போனது. 2000-க்குப் பிறகு அவற்றோடு தொடர்புடைய சாவுகள் குறைந்தது 32 என்பது ஆணையத்தின் கணக்கு.

நம் ஊர் நிலவரம்

இந்தியாவில் ஒரு கம்பெனி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டம். ஜி.எஸ்.டி. கணக்குக்கு 72 மாதம். இதெல்லாம் பணத்தின் கதை.

பொருளால் வரும் ஆபத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2020 ஜூலையில் அமலானது. ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறும்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிடலாம். செய்தவர் யாரென்றே தெரியாவிட்டால் விற்ற கடைக்காரரே பொறுப்பாக முடியும். பில் தராமல் இருப்பதும் முறையற்ற வணிகம் என்கிறது அதே சட்டம். வாங்கியவர் பட்டியல் பற்றி மட்டும் அதில் பேச்சு இல்லை. உத்தரவு வரும், பேப்பரிலும் வரும். தொட்டில் எந்த வீட்டில் ஆடுகிறது என்பது யாருக்கும் தெரியாது.

அமெரிக்க அட்டையும் முழு மருந்து அல்ல. நிரப்பி அனுப்பினால்தான் பயன், கைமாறிய தொட்டிலுக்கு அதுவும் இல்லை. ஆனாலும் அது ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தது. அதிகாரிக்குக் காட்ட எழுதும் கணக்கு வேறு, ஒரு அம்மாவுக்குத் தகவல் சொல்ல எழுதும் கணக்கு வேறு. முதல் வகையைக் கல்லூரியில் மூன்று வருஷம் சொல்லித் தருகிறார்கள். இரண்டாவது வகைக்கு நம்மிடம் இன்னும் ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை. அதுவரை ஸ்டீல் தொட்டில் வாங்குபவர்கள் பில்லைக் கேட்டு வாங்கி, மாடல் எண்ணையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. தொட்டிலை வேறு வீட்டுக்குக் கொடுத்தால் பில்லையும் சேர்த்துக் கொடுங்கள்.