கொறங்காடு காத்த பெரியண்ணன்

காங்கேயம் பக்கம் மழை குறைவு. அதனால்தான் எங்கள் முன்னோர் மேட்டுநிலத்தை மேய்ச்சலுக்கான கொறங்காடாக விட்டார்கள்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம். அப்பாவுக்குப் பின் அதைக் கட்டிக்காத்தவர் பெரியண்ணன். ஒரு காட்டில் புல் குறைந்தால் மாடுகளை அடுத்த காட்டுக்கு மாற்றிப் படலைச் சாத்திவிடுவார். செவலையாகப் பிறக்கும் கன்று ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாவதை எங்களுக்குக் காட்டியவரும் அவரே.

இந்தக் காங்கேயம் மாட்டினத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது பழையகோட்டைப் பட்டக்காரர் பண்ணை. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்கு அண்ணன் காளைகளை நடத்தியே ஓட்டிப்போவார். கவலை இறைப்பை மோட்டாரும் உழவை டிராக்டரும் எடுத்துக்கொண்டபோது பலர் மாடுகளை விற்றார்கள். "புல்லு இருக்கற வரைக்கும் மாடு இருக்கட்டும் கண்ணு" என்று அண்ணன் வைத்துக்கொண்டார்.

கொறங்காட்டை மனை போடுமுன், அதில் மேயும் மாட்டையும் நினைத்துப் பாருங்கள்.